ஏழாங் கட்டையில் செபாராவ்

3 பிப்ரவரி 2024, சனி

பதினோரு வருடம் வாய் திறக்காமல் இருந்தாயிற்று. போதும்.

இன்று காலை முகநூலைத் திறந்தால் முதல் பதிவே செல்லப்பன். ‘ஜொகூர் தூண்டில்காரர்கள்’ குழுவில், ஒரு புதுப் படகின் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறான். படகுக்கு ஆரஞ்சுச் சாயம், தூரத்திலிருந்து பார்த்தால் போக்குவரத்துக் கூம்பு மாதிரி. மேலே வாசகம்: ‘தெற்கே சபரவ் இல்லேன்னு யார் சொன்னா? வாங்க, மெராந்தி ஏரில காட்டரேன்.’ மூன்று பிழைகள். இருநூற்றுப் பதினாறு விருப்பக்குறிகள்.

செபாராவ் என்ற மீனின் பெயரையே சரியாக எழுதத் தெரியாதவன் அதைப் பிடித்துக் காட்டுகிறானாம்.

செபாராவ் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளி உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பட்டை, சிவந்த வால். தெளிந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும் அதற்கு. பகாங்குக்குப் போ, திரெங்கானுவுக்குப் போ, பேராக்கின் மலையடிவாரத்துக்குப் போ. ஜொகூர் அணைக்கட்டுகளில் தோமான் என்கிற விராலும் கெளுத்தியும்தான். நான் படித்த எல்லாம் அதைத்தான் சொல்கிறது.

2013-ல் நானும் செல்லப்பனும் நண்பர்கள். யோங் பெங்கில் ஒரே வகுப்பு. நான் டவுனில் கிராணி, அதாவது குமாஸ்தா, மகன். அவன் மெராந்தித் தோட்டத்துக் கீழ் டிவிஷனிலிருந்து லாரியில் வருவான். எங்களுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அணை கட்டி, அந்த டிவிஷன் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. ஆக அந்த ஏரி அவன் சொந்த ஊர் மாதிரி. அப்படித்தான் நம்பினேன். மீரா சாகிபு தேநீர்க் கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “ஏழாங் கட்டைகிட்ட போடுடா. அங்கதான் நிக்கும்.”

ஏரி முழுக்கச் செத்த மரங்களின் கட்டைகள் நீருக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். படகுத்துறையிலிருந்து எண்ணினேன். ஏழாவது கட்டையில் ஒன்பது முறை போய் வீசினேன். ஒரு நாள் ஒரு தோமான், இன்னொரு நாள் யாரோ தொலைத்த செருப்பு. மற்ற ஏழு நாளும் வெறுங்கை.

அந்த வருடத் தூண்டில் போட்டியில் செல்லப்பன் இரண்டே முக்கால் கிலோ செபாராவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். எங்கே பிடித்தாய் என்றதற்கு மறுபடியும் ‘ஏழாங் கட்டை’. பகாங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவன் சிரித்தான். “ஒனக்கு எண்ணத் தெரியலடா” என்றான்.

எனக்கு. ரசாயனப் பட்டதாரிக்கு. ஆலை ஆய்வுக்கூடத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு. நாற்பது பேர் சிரித்தார்கள். குழுவை நடத்தும் ரூபேந்திரன் இன்றைக்கும் என்னை ‘ஏழு சார்’ என்றுதான் கூப்பிடுகிறான்.

இப்போது சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை செல்லப்பனை ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டதாம். அந்த ஆரஞ்சுப் படகில் சிங்கப்பூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு இல்லாத மீனைக் காட்டப் போகிறான். நான் கட்டுரை எழுதப் போகிறேன், ஆதாரத்தோடு. கீழே என் பெயர், பட்டம், எல்லாம் இருக்கும். அதைப் படித்த பிறகு அந்தப் படகில் செடி வைக்கலாம்.

4 பிப்ரவரி

தலைப்பு கிடைத்தது: ‘மெராந்தி ஏரி: ஒரு மாயை.’ சந்திரமதியிடம் வாசித்துக் காட்டினேன். “காஸ் தீந்து போச்சு, சொல்லிட்டீங்களா?” என்றாள். என் மனைவிக்கும் இலக்கியத்துக்கும் இருபத்தாறு வருடமாக இந்த உறவுதான்.

11 பிப்ரவரி, ஞாயிறு

சீனப் பெருநாள் விடுமுறை. நெடுஞ்சாலையில் எல்லோரும் எதிர்த்திசையில் ஊர்ந்துகொண்டிருக்க, நான் மட்டும் வடக்கே பறந்தேன். இந்த வருடத்தின் முதல் நல்ல விஷயம்.

ஏரிக்குப் பதினோரு வருடம் கழித்து வருகிறேன். மூன்று வாரமாக மழை இல்லை, தண்ணீர் இறங்கியிருக்கிறது. வாடகைப் படகை நானே துடுப்புப் போட்டுக்கொண்டு எண்ணினேன். முதல் கட்டையில் ஒரு மீன்கொத்தி. நான்காவது இரண்டாகப் பிளந்தது. ஏழாவது, அதே கோணல், அதே கறுப்பு. பழைய எதிரியைக் கடைத்தெருவில் பார்ப்பது போல இருந்தது.

ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை: ஸ்பூன் என்கிற மின்னும் தகட்டை எண்பத்து நான்கு முறை வீசினேன். எண்ணினேன், ஆமாம். கிடைத்தது ஒரு தோமான். அதுவும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

பத்தாவது பயணம், பூஜ்யம். அட்டவணையில் எழுதியாயிற்று.

12 பிப்ரவரி

முதுகு. சந்திரமதி தைலம் தேய்த்துவிட்டாள். “அந்த மீனுக்கு நீங்க என்னதான் பாவம் பண்ணீங்க” என்று கேட்டாள். கேள்வி தலைகீழாக இருக்கிறது என்று சொல்லலாம் என்று பார்த்தேன். தேய்ப்பதை நிறுத்திவிடுவாள்.

17 பிப்ரவரி, சனி

இன்று ஆறு. நியாயமாக இருக்க வேண்டுமே, அணைக்குக் கீழே மெராந்தி ஆற்றையும் பார்த்துவிடுவோம் என்று போனேன். ஆய்வுக்கூடத்திலிருந்து அமிலமானியும் வெப்பமானியும் இரவல். (இரவல் என்றால் கேட்கவில்லை. 2009-ல் எனக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் நாற்காலியை எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்தபோது அவர்களும் என்னைக் கேட்கவில்லை.)

ஆற்றுத் தண்ணீர் தே ஓ நிறம், பாலில்லாத் தேநீர். இலை மட்கிய கறுப்பு. வெப்பம் முப்பது. அமிலம் அதிகம். செபாராவ் இங்கே நின்றால் அதற்குப் புத்தி சரியில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரும்வரை பொறுக்க முடியவில்லை. மச்சாப் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, செல்லப்பன் பதிவின் கீழே எழுதினேன்: ‘ஆதாரம் உண்டா? நான் பதினோரு முறை நேரில் சென்று ஆராய்ந்தேன். மெராந்தியில் செபாராவ் கிடையாது. வெளியூர் நண்பர்கள் ஏமாற வேண்டாம். முழுக் கட்டுரை விரைவில்.’ முழுப்பெயர்.

ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று விருப்பக்குறிகள். ரூபேந்திரன்: ‘ஏழு சார் இஸ் பேக் லா.’

24 பிப்ரவரி, சனி

மீரா சாகிபு கடை. யோங் பெங் முச்சந்தியில் அவர் கடை இருபது வருடமாகத் தூண்டில்காரர்களின் தலைமையகம். அவரே நல்ல தூண்டில்காரர், முழங்கால் போகும்வரை. கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் மேசையில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் சேதி இருக்கிறது என்று அர்த்தம்.

“சார், நல்லா எழுதுறீங்க. ரெண்டு பார்ட்டி கேன்சல்.”

“எந்தப் பார்ட்டி?”

“செல்லப்பனோட சிங்கப்பூர் பார்ட்டிதான். மார்ச்சுக்குப் புக் பண்ணவங்க. நேத்து இங்கதான் ஒக்காந்திருந்தான். ஒரு தே ஓ குடிச்சான். ரொட்டி வேணாம்னுட்டான்.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?”

“சொல்லல சார். சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன், ரெண்டு பேரும் என் கஸ்டமர்.” கொஞ்சம் குனிந்தார். “அது இருக்கட்டும், பதினோரு தடவ போனீங்களே, எங்க போட்டீங்க?”

மேசையில் தண்ணீரைத் தொட்டு வரைந்து காட்டினேன். இது படகுத்துறை. இது மீன்கொத்திக் கட்டை. ஒன்று, இரண்டு, மூன்று, இங்கே ஏழு.

“மரக்கட்டையா சார்?”

“வேற எந்தக் கட்டை?”

அவர் என் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டு, “சரி சார்” என்று எழுந்து போனார்.

இரண்டு பார்ட்டி ரத்து என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது என் நாட்குறிப்பு, இதில் நான் எதற்குப் பொய் எழுத வேண்டும்? நான் மூன்று ரொட்டி சாப்பிட்டேன். ஆனால் டோல் தாண்டி மச்சாப் வரைக்கும் ‘ரொட்டி வேணாம்னுட்டான்’ என்பது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் ரொட்டியையும் சேர்த்துத் தின்றவன் அவன்.

28 பிப்ரவரி

செல்லப்பனிடமிருந்து பதில் இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

2 மார்ச், சனி

கட்டுரை முடிந்தது. நான்கு பக்கம், ஓர் அட்டவணை, ஒரு பிழை கிடையாது. சந்திரமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். இது சரித்திரம்.

“இத போட்டா செல்லப்பண்ணன் பொழப்பு என்னாகும்?”

“பொய் சொல்றவன் அத முன்னாடியே யோசிச்சிருக்கணும்.”

“நம்ம கல்யாணத்துக்குப் பந்தல் கட்டினவரு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லதான். கோணலா வேற கட்டினாரு. அதையும் ஒரு வரி சேத்துக்குங்க.”

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இருபத்தாறு வருடத்தில் அவள் என்னோடு சண்டை போட்டதே இல்லை. இப்படித்தான்.

கட்டுரைக்கு ஒரு குறை: படம் இல்லை. ஏரி வற்றிக்கொண்டே போகிறது என்கிறார்கள். அந்த ஏழாவது கட்டை இந்நேரம் காய்ந்த தரையில் நிற்கும். அதை ஒரு படம் எடுத்து முதல் பக்கத்தில் வைத்தால், வேறு விளக்கமே வேண்டாம். அடுத்த சனி போகிறேன். ஞாயிறு வெளியீடு.

5 மார்ச்

வாட்ஸ்அப்பில் செல்லப்பனின் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மூன்று முறை. ஓர் எழுத்தும் வந்து சேரவில்லை. என்ன எழுத வருகிறான்? மிரட்டலா? மிரட்டட்டும், அதையும் கட்டுரையில் சேர்ப்பேன்.

9 மார்ச், சனி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

படகுத்துறை அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே ஏரியே இல்லை, வெடித்த சேறுதான். படகு தேவைப்படவில்லை. நடந்தே போய் ஏழாவது கட்டையைத் தொட்டேன். நான்கு கோணத்தில் படம் எடுத்தேன். திருப்தி. திரும்பலாம் என்று நிமிர்ந்தபோதுதான், பின்னால் ஒரு நேர்க்கோடு கண்ணில் பட்டது. ஏரியின் அடியில் நேர்க்கோடு எப்படி வரும்?

தார் ரோடு.

சேறு பூசிய, ஒரு லாரி போகிற அகல ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் மர அடிக்கட்டைகள், வரிசை பிசகாமல். நாற்பது வருடம் தண்ணீருக்கு அடியில் கிடந்தும் தோட்டம் தோட்டமாகத்தான் இருந்தது. அதன் மேலேயே நடந்தேன். அரை மைல் இருக்கும். ரோட்டோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கல், பாசி காய்ந்து மேலே ஒட்டியிருந்தது. கார்ச் சாவியால் சுரண்டினேன். ‘யோங் பெங்’ என்று ரோமன் எழுத்தில். கீழே ஓர் எண்.

7.

ஏழாங் கட்டை.

கட்டை என்றால் மைல்கல் என்று இந்த நாட்டில் எந்தத் தமிழனுக்குத் தெரியாது? மூணாங் கட்டைக் கோயில், பத்தாங் கட்டை ஆஸ்பத்திரி. மைல் போய்க் கிலோமீட்டர் வந்து ஐம்பது வருடம் ஆகியும் வாயில் கட்டைதான். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? 2012-ல் குழுவில் யாரோ ‘பதினெட்டாங் கட்டை’ என்று எழுதியதற்கு, ‘கட்டை என்பது கொச்சை, மைல்கல் என்பதே தமிழ்’ என்று மூன்று பத்தி எழுதித் திருத்தியவன் நான். அந்தப் பொருளை நானே என் மண்டையிலிருந்து அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது மரக்கட்டை. அதைப் பத்துப் பயணம் எண்ணியிருக்கிறேன். மடையன் நான், வேறென்ன!

கல்லுக்கு அப்பால் ரோடு தண்ணீருக்குள் இறங்கியது. அங்கே ஒரு சின்னப் பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவர்கள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. பாலத்துக்கு அடியில் பழைய ஓடை இன்னும் ஓடுகிறது. ஏரிக்குள்ளே ஓர் ஆறு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொடிமீன்கள் கூட்டமாக மேலே துள்ளின, கீழிருந்து யாரோ துரத்துவது போல.

மூன்றாவது வீச்சு. ஸ்பூன் பாலத்தின் நிழலைத் தாண்டியது, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் வந்து மோதியது போல ஓர் அடி. ரீல் அலறியது. கரைக்கு இழுத்துப் போட்டபோது — வெள்ளி உடம்பு, விலாவில் கறுப்புப் பட்டை, சிவந்த வால். ஒன்றரைக் கிலோ இருக்கும். வழக்கத்தில் படம் எடுத்துவிட்டேன். பிறகுதான் படத்தைப் பார்த்தேன். நான்கு பக்கக் கட்டுரைக்கு மறுப்பு. எடுத்தவன் நான்.

மீனை விட்டேன். அது திரும்பிப் பார்க்கவில்லை.

மோட்டார்ச் சத்தம். தண்ணீர்ப் பக்கமிருந்து ஆரஞ்சுப் படகு வந்தது. செல்லப்பன் மட்டும். பார்ட்டி ஏது? எஞ்சினை அணைத்துவிட்டு, பாலச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னையும் கல்லையும் பார்த்தான். முடி முழுக்க நரைத்திருக்கிறது. எனக்கு முடியே இல்லை என்பதை அவனும் பார்த்திருப்பான்.

“எத்தனாவது கட்டைடா அது?”

“ஏழு.”

“நல்லா எண்ணிப் பாத்தியா?”

எனக்கு வாயில் வந்தது இதுதான்: “மைல்கல்லுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“நாங்க என்னிக்குடா மைல்கல்லுன்னு சொன்னோம்? ஒங்க வீட்ல சொல்லியிருப்பீங்க, கிராணி வீடு. ஸ்கூல் லாரி இங்கதான் நிக்கும். இந்தக் கட்ட மேலதான் தெனம் ஒக்காந்திருப்பேன். இந்தப் பாலத்துல தூண்டி போட்டு அப்பாகிட்ட அடி வாங்கியிருக்கேன். மேல தண்ணி நின்னாலும் எனக்கு ரோடு தெரியும்.”

“அப்ப, எண்ணத் தெரியலன்னு சொன்னியே?”

“நீ எதையோ தப்பா எண்ணியிருக்கன்னு தெரிஞ்சிச்சு. எதன்னு தெரியல. போன வாரம்தான் மீரா சாகிபு சொன்னாரு, மரக்கட்டன்னு. வீட்ல ஒக்காந்து சிரிச்சேன் பாரு, என் பொண்டாட்டி பயந்துட்டா.”

“தெரிஞ்ச பெறகாவது ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்.”

அவன் சுவரைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “போடலாம்னுதான் மூணு தடவ எழுதினேன். எழுத்துப் பெழ இருந்தா நீ சேதிய விட்டுட்டு அதத்தான் புடிப்ப. அழிச்சிட்டேன்.”

நான் தூண்டில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தேன்.

“எழுதப் போறியா?” என்று கேட்டான்.

“எழுதணும்.”

“எழுது. எடத்த மட்டும் சொல்லிடாதே. வலையத் தூக்கிட்டு வந்துருவானுங்க.” எஞ்சின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஏறு, அந்தப் பக்கம் இன்னும் பெருசா நிக்கும்” என்றான். நான் காலைத் தூக்கியதும், “அலமாக், சப்பாத்த கழட்டுடா. புதுப் படகு.”

கழற்றிவிட்டு ஏறினேன்.

10 மார்ச்

மூக்கில் தோல் உரிகிறது. தொப்பியை மைல்கல்லின் மேல் — கட்டையின் மேல் — வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

12 மார்ச், செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. மீரா சாகிபு கடை பகலில் மூடியிருக்கும்; யாரிடமும் காட்டிக் கருத்துக் கேட்க முடியாது. மத்தியானம் நல்ல மழை. இப்படியே பெய்தால் ஒரு மாதத்தில் கட்டை மறுபடி மூழ்கிவிடும்.

நான்கு பக்கத்தையும் அழித்தேன். அட்டவணையை அழிக்கக் கொஞ்சம் வலித்தது. பிப்ரவரியில் செல்லப்பன் பதிவின் கீழே போட்ட கருத்தை அழிக்கவில்லை. அது என் முழுப்பெயரோடு அங்கேயே கிடக்கட்டும்.

புதிதாக எழுதினேன். முதலில் ‘ஏழாவது மைல்கல்’ என்று விரல் தானாகப் போனது. அடித்தேன். அப்படி எழுதினால் இடம் தெரிந்துவிடும்; ஏரிக்குள் ‘கட்டை’ என்றால் யாருக்கும் மரம்தான் தோன்றும். இப்போது இப்படி இருக்கிறது:

‘மெராந்தி ஏரியில் செபாராவ் இருக்கிறது. ஏழாங் கட்டையில் நிற்கிறது. கண்ணால் பார்த்தது, படம் இணைக்கப்பட்டுள்ளது. செல்லப்பன் சொன்னது முற்றிலும் சரி, 2013-லும் சரி. பிப்ரவரி 17 அன்று இங்கே எழுதப்பட்ட கருத்து தவறு. படகுக்கு அவரை அழைக்கலாம்.’

படத்தில் கல் தெரியாமல் வெட்டிவிட்டேன். இனி நூறு பேர் மரக்கட்டையை எண்ணட்டும்.

சந்திரமதி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். “பேரு போடலயா?”

“போட்டா எல்லாரும் என் கதையத்தான் பேசுவாங்க. மீன யாரும் பேச மாட்டாங்க. அவன் படகையும் பேச மாட்டாங்க.” இது உண்மைதான். வெட்கம் என்பதும் உண்மை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

குழுவில் பெயரை மறைத்துப் பதிவிடும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தேன்.

“பேரு போடாட்டியும் நீங்கதான்னு தெரிஞ்சிரும்” என்றாள். “அந்தக் குழுவுல ஒரு தப்பு இல்லாம எழுதறது வேற யாரு?”

நியாயம். ‘இருக்கிறது’ என்பதை ‘இருக்கிரது’ என்று மாற்றிவைத்தேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிவிட்டது. சந்திரமதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

திருத்திவிட்டேன். தெரிந்தால் தெரியட்டும். பெயர் இல்லாமல், பிழையும் இல்லாமல், இப்படியே அனுப்புகிறேன்.